அம்பாசிடர் மார்க் 4: டிரைவர் கண்ணாடி முக்காலில் நிக்குது, வளைவுல தானா இறங்குது. மெஷின் மாத்தணுமா?

குன்னூர்_மார்க்4

வணக்கங்க. வண்டி 1984 மாடல். டிரைவர் கதவுக் கண்ணாடி கீழிருந்து முக்கால் வரைக்கும் லேசா ஏறுது. கடைசி நாலு விரற்கடை வந்ததும் இறுகிடுது. இடது கையால கண்ணாடியத் தூக்கிக்கிட்டே சுத்தினா ஏறும். மேல ஏத்தி நிறுத்தினாலும் மேட்டுப்பாளையம் ரோட்டுல ரெண்டு மூணு கொண்டை ஊசி இறங்குறதுக்குள்ள 2 அங்குலம் இறங்கி நிக்குது. கதவச் சாத்தினா உள்ள 'டக்'குனு ஒரு சத்தம். டோர் பேடு (கதவு உள்பக்க அட்டை) கீழ்ப்பக்கம் தண்ணி குடிச்சு உப்பியிருக்கு.

பட்டறையில பார்த்துட்டு கண்ணாடிய ஏத்தி இறக்குற மெஷின் போச்சு, முழுசா மாத்தணும்னு சொல்றாங்க. பழைய மெஷின் ஒண்ணு கோவையில சொல்லி வச்சிருக்கு. வாங்கலாமா, இருக்கிறதையே சரி பண்ணலாமா? ஐப்பசி மழைக்குள்ள முடிக்கணும். கழட்டுற வேலை வீட்டுலயே செய்யலாம், ஸ்பானர் செட், திருப்புளி எல்லாம் இருக்கு.

தகரப்பட்டறை

மெஷினுக்குக் காசு கொடுக்காதீங்க, இப்போதைக்கு. முதல்ல ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. கண்ணாடிய முழுக்க ஏத்திட்டு, மேல் விளிம்ப உள்ளங்கையால கீழ அழுத்துங்க. அது இறங்கும்போது கைப்பிடியும் சேர்ந்து பின்னால சுத்துதா, இல்ல கைப்பிடி அசையாம கண்ணாடி மட்டும் இறங்குதா?

கைப்பிடியும் சுத்தினா கோளாறு மெஷின்ல. கைப்பிடித் தண்டுக்குப் பின்னால ஒரு கிண்ணத்துக்குள்ள சுருள் ஸ்பிரிங் இருக்கும். கைப்பிடி பக்கமிருந்து சுத்தினா அது சுருங்கி வழி விடும். கண்ணாடி எடை அந்தப் பக்கமிருந்து தள்ளினா விரிஞ்சு கிண்ணத்தக் கவ்விக்கும். கண்ணாடி நடுவழியில நிக்கிறதே இந்தப் பிடியாலதான். பழைய கிரீஸ் மெழுகாகி சுருள் விரிய முடியாம இருந்தா மண்ணெண்ணெயில ஊறவச்சுக் கழுவினாலே சரியாயிடும். தேஞ்சுபோயிருந்தா மட்டும்தான் மெஷின் மாத்துற பேச்சு.

கைப்பிடி சும்மா நின்னு கண்ணாடி மட்டும் இறங்கினா மெஷின் மேல பழி போடக்கூடாது. கண்ணாடிக்கும் அதோட அடி விளிம்பக் கவ்வுற தகர அடி சேனலுக்கும் உள்ள பிடி விட்டிருக்கு, இல்லேன்னா கண்ணாடியத் தள்ளுற மெஷின் கை, அதான் ஆர்ம், அது நுனியில இருக்கிற உருளை சேனல் காடிய விட்டு வெளிய வந்திருக்கு.

கழட்டுறதுக்கு முன்னாடி, முழுக்க இறக்கி முழுக்க ஏத்த எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வைங்க. பின்னால மாட்டும்போது குறைஞ்சா எங்கேயோ தட்டுதுன்னு அர்த்தம்.

கைப்பிடியக் கழட்ட அதுக்குப் பின்னால இருக்கிற வட்டத் தட்ட டோர் பேடு பக்கம் அழுத்துங்க, கழுத்துல குறுக்கே ஒரு பின் தெரியும். 3 மி.மீ. பஞ்ச் வச்சு மெதுவா தட்டினா வெளிய வந்துடும். கை மாறி வந்த வண்டிகள்ல பின்னுக்குப் பதிலா ஆணிய வெட்டிப் போட்டிருப்பாங்க, அது வளைஞ்சு அடம் பிடிக்கும். துணி கட்டாம பேட நெம்பாதீங்க. கிளிப் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே நெம்பணும், நடுவுல நெம்பினா ஊறின அட்டை பிஞ்சு கிளிப் கதவுலயே தங்கிடும்.

குன்னூர்_மார்க்4

பார்த்தாச்சுண்ணா. கைப்பிடி அசையல, கண்ணாடி மட்டும்தான் இறங்குது. அதுவும் நேரா இல்ல, முன்பக்க மூலை முதல்ல சாயுது. பேட எடுத்தாச்சு. அடி சேனல் துரு உப்பி அடை அடையா உரியுது. ரப்பர் பொடிப்பொடியா கதவு அடியில கிடக்கு. கண்ணாடி முன்பக்கம் சேனல விட்டு ஒரு விரல் அளவு மேல வந்திருக்கு. மெஷின் பல்லு நல்லாத்தான் இருக்கு, மேல் பக்கம் மூணு பல்லு மட்டும் பளபளன்னு தேஞ்ச மாதிரி. கதவு அடியில சில்வர் ஓக் இலையும் சேறும் ஒரு கை அள்ளினேன்.

தகரப்பட்டறை

அப்போ உங்களுக்கு ரெண்டு கோளாறு இல்ல, ஒண்ணுதான். ஆர்ம் கண்ணாடிய ஒரே இடத்துலதான் தள்ளுது. சேனல்ல பிடி இல்லாததால கண்ணாடி சாஞ்சு ஏறுது. பாதி வரைக்கும் ஓரத்துல இடம் இருக்கும், சாய்வு தெரியாது. மேல போகப் போக மூலை சட்டத்துக்குள்ள கண்ணாடி ஓடுற வெல்வெட் காடியில குத்தி இறுகுது. நீங்க கையால தூக்கினா ஏறுதுன்னு சொன்னீங்களே, தூக்கும்போது சாய்வ நிமிர்த்துறீங்க, அவ்வளவுதான். இந்த இறுக்கத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டிச் சுத்தினதுதான் அந்த மூணு பல்லு தேய்மானம். மலையில கண்ணாடி எப்பவும் மேலயே இருக்கும், பனிக்காகக் கொஞ்சம் இறக்கி ஏத்துவோம், அதனால மேல் பல்லு மட்டும் உழைக்கும். பாதிக்கு மேல பல் உயரம் இருந்தா அப்படியே ஓடும், தொடாதீங்க. வழிச்சுப் போயிருந்தா பித்தளை பத்து வச்சு அரத்தால உருக் கொடுக்கலாம்.

எதுக்காகவாவது மெஷின வெளிய எடுத்தா பல்லு வச்ச தகட்டையும் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு ஜி கிளாம்ப் போட்டுட்டுத்தான் மத்த வேலை. கண்ணாடி எடையத் தாங்க அதுல ஒரு பட்டை ஸ்பிரிங் முறுக்கியே வச்சிருக்கும். கண்ணாடியிலிருந்து ஆர்ம கழட்டினா அந்த முறுக்கத் தடுக்கிறது பல்லுப் பிடி மட்டும்தான். ரிவெட்டையோ பல்லையோ விடுவிச்சா ஆர்ம் அரிவாள் மாதிரி வீசும்.

லேத்து_கோத்தகிரி

அடி சேனல் வேலையை நான் சொல்கிறேன், பலர் சொதப்புவது இங்கேதான்.

முதலில் கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தின் மேல் வழியாக உள்ளும் வெளியுமாக 2 அங்குல மாஸ்கிங் டேப் மூன்று பட்டை ஒட்டுங்கள். கூடவே பெல்ட் லைனில், அதாவது கண்ணாடி கதவுக்குள் இறங்கும் விளிம்பில், இரண்டு மர ஆப்பு. பனியில் நனைந்த கண்ணாடியில் டேப் நிற்காது, துடைத்து உலர்த்திவிட்டு ஒட்டவும். பிறகு ஆர்மை முன்னும் பின்னும் நகர்த்தி உருளையைக் காடியின் முனை வழியாக வெளியே எடுக்கலாம்.

சேனலைக் கழற்றும் முன், கண்ணாடியின் முன் விளிம்பிலிருந்து சேனல் முனை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து மார்க்கரால் கண்ணாடியிலேயே கோடு போடுங்கள். இது 10 மி.மீ. தள்ளிப் போனாலும் ஆர்ம் தள்ளும் இடம் மாறி, புது ரப்பர் போட்ட பிறகும் கண்ணாடி சாயும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். தகடு கெட்டியாக இருந்தால் ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட் போதும். ஓட்டை விழுந்தால் 18 கேஜ் தகட்டில் புதிதாக மடித்துவிடலாம். கணக்கு இதுதான்: கண்ணாடி 5 மி.மீ., இரண்டு பக்கமும் ரப்பர் ஒன்றரை ஒன்றரை, மொத்தம் 8. உள் அகலத்தை ஏழரை வைத்தால் ரப்பர் அமுங்கிக் கவ்வும். உங்கள் கண்ணாடியை வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள், மாற்றிப் போட்ட கண்ணாடியாக இருந்தால் கனம் வேறாக இருக்கும். பழைய சேனலின் அடியில் உள்ள காடிப் பட்டையை வெட்டிப் புதியதில் அதே இடத்தில் வெல்டிங் வைக்கவும். வெல்டிங் முழுக்க ஆறி, பெயின்ட் காய்ந்த பிறகுதான் கண்ணாடி.

ரப்பர் பட்டையைக் கண்ணாடியின் அடி விளிம்பில் மடித்துப் போர்த்தி, சோப்புத் தண்ணீர் தடவி, சேனலை ஒரு முனையிலிருந்து ரப்பர் சுத்தியால் தட்டி ஏற்றுங்கள். இரும்புச் சுத்தி கூடவே கூடாது. டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியின் விளிம்பில் ஒரு சின்னச் சில்லு தெறித்தாலும் முழுசும் சோளப்பொரி ஆகிவிடும்.

உருளையை விரலால் ஆட்டிப் பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் நைலான் கம்பியில் புது புஷ் கடைந்து போடுங்கள். கதவு சாத்தும்போது வரும் 'டக்' சத்தத்தில் பாதி இதிலிருந்துதான்.

ஊட்டிக்_குளிர்

ரப்பருக்குப் பதிலா சிலிக்கான் பசை போட்டு ஒட்டிடலாம்னு யாராவது சொல்வாங்க, அதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். புளிச்ச வினிகர் வாசம் வர்ற சிலிக்கான் இரும்ப அரிக்கும், ரெண்டு மழைக்காலத்துல சேனல் மறுபடியும் இப்படித்தான் ஆகும். பசைதான் வேணும்னா விண்ட்ஷீல்டு ஒட்டுற பாலியூரித்தேன். இங்க ராத்திரிக் குளிர்ல அது மெதுவாத்தான் இறுகும், ட்யூப்ல போட்டிருக்கிற நேரத்த நம்பாதீங்க, ரெண்டு நாள் கண்ணாடிய அசைக்காம விடுங்க.

அடுத்தது வெல்வெட் சேனல். புது அடி சேனல் மாட்டுறதுக்கு முன்னாடி ஆர்ம் இல்லாம கண்ணாடிய ரெண்டு உள்ளங்கையால மேல கீழ ஓட்டிப் பாருங்க. 5 மி.மீ. கண்ணாடி, 60க்கு 40 செ.மீ.ன்னு வச்சா 3 கிலோதான் எடை. அதத் தாண்டி எங்கயாவது பலம் தேவைப்பட்டா அந்த இடத்துல வெல்வெட் உப்பியிருக்கு, இல்ல அதுக்குள்ள இருக்கிற தகரம் துரு பிடிச்சுப் புடைச்சிருக்கு. புதுசு போடும்போது சட்டத்தோட மூணு பக்கமும் நூல் வச்சு அளந்து 10 செ.மீ. கூட வாங்குங்க. மூலையில உள்பக்கம் மட்டும் ஒரு வெட்டுக் கொடுத்து வளைங்க, அப்படியே மடக்கினா அந்த மடிப்புலயே கண்ணாடி மாட்டும்.

அம்பாசிடர்ல இன்னொண்ணு. முக்கோணக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற தூண்தான் பெரிய கண்ணாடிக்கு முன்பக்க வழி. அதோட கால் கதவுக்குள்ள கீழ ஒரு போல்ட்ல நிக்குது. அது துருவுல லூஸாயிருந்தா தூண் ஆடும், வளைவுல கண்ணாடியும் கூடவே ஆடும். போல்ட்ட விட்டுட்டு, கண்ணாடிய முழுக்க இறக்கி, தூண் தானா உட்கார்ற இடத்துலயே இறுக்குங்க. மேல ஏத்தி வச்சுட்டு இறுக்கினா கீழ போகும்போது பிடிக்கும்.

குன்னூர்_மார்க்4

தூண் போல்ட் கையால சுத்துற அளவு லூஸ்! ஸ்பிரிங் வாஷரே இல்ல. அடி சேனல் ரெண்டு இடத்துல ஓட்டை, புதுசா மடிக்கக் கொடுத்தாச்சு. கோவை மெஷின் வேண்டாம்னு சொல்லிட்டேன். கிரீஸ் எது போடறது? வீல் பேரிங்குக்கு வாங்கின ஏ.பி.3 டப்பா இருக்கு. கதவு உள்பக்கம் பழைய என்ஜின் ஆயில் அடிச்சா துரு வராதுன்னும் சொல்றாங்க.

தகரப்பட்டறை

ஏ.பி.3 போடலாம், பல்லுக்கு என்ன கெட்டுப்போச்சு.

ஊட்டிக்_குளிர்

மேட்டுப்பாளையத்துல போடலாம். இங்க மார்கழிக் காலையில 3ஆம் நம்பர் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகும், கைப்பிடி கனக்கும். 2ஆம் நம்பர் லித்தியம் கிரீஸ் பல்லுக்கும் காடிக்கும் சுண்டு விரல் நுனி அளவு, அதுக்கு மேல வேண்டாம். வெல்வெட்டுல எந்த கிரீஸும் படக்கூடாது, தூசியோட சேர்ந்து உப்புத்தாள் ஆயிடும். அதுக்கு சிலிக்கான் ஸ்பிரே மட்டும். டபிள்யூ.டி.40 கழுவத்தான், வழவழப்புக்கு நிக்காது.

பழைய என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். புது ரப்பர ஊதவச்சு ஒரு வருஷத்துல கொழகொழன்னு ஆக்கிடும், டோர் பேடும் நாறும். துருவச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு, காஞ்சதும் மெழுகு ஸ்பிரே.

தகரப்பட்டறை

சரி, குளிர் விஷயத்துல உங்க பேச்சே எடுபடட்டும்.

தண்ணி விஷயம் பாக்கி இருக்கு. கண்ணாடி வழியா கதவுக்குள்ள தண்ணி போறது சகஜம், அது வெளிய போற வழிதான் அடைஞ்சிருக்கு. கதவு அடி மடிப்புல இருக்கிற ஓட்டைகள சைக்கிள் ஸ்போக் கம்பி விட்டுக் குத்தி, மேலிருந்து ஒரு குவளை தண்ணி ஊத்திப் பாருங்க. சொட்டா வந்தா போதாது, ஒழுகி ஓடணும். பெயின்ட் அடிக்கும்போது இந்த ஓட்டையில தீக்குச்சி சொருகி வைங்க, இல்லேன்னா ரெட் ஆக்ஸைடே அடைச்சிடும்.

பேடுக்குப் பின்னால கெட்டியான பாலிதீன் தாள் ஒட்டணும். மேலயும் ஓரமும் கறுப்பு பியூட்டைல் டேப். அடி ஓரத்த மட்டும் பேடுக்கும் கதவுக்கும் நடுவுல தொங்க விடாம கதவுத் தகட்டு ஓட்டைக்குள்ள திணிக்கணும், அப்பதான் வழியிற தண்ணி திரும்ப கதவுக்குள்ளயே போகும். வெளியில தொங்க விட்டதாலதான் உங்க அட்டை உப்பினது.

குன்னூர்_மார்க்4

முழுக்க மாட்டியாச்சு. முன்னாடி எண்ணினத விட அரை சுத்து குறையுது. மேல முட்டி நிக்குது, கீழதான் விரல் அளவு வெளிய தெரியுது.

லேத்து_கோத்தகிரி

அடி சேனலில் கண்ணாடி முழுக்க உட்காரவில்லை, அல்லது காடிப் பட்டையைப் பழைய உயரத்தைவிடக் கீழே வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். பழைய சேனலைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். முதலாவது என்றால் மரக்கட்டை வைத்து இன்னும் தட்டினால் இறங்கும். இரண்டாவது என்றால் பட்டையைத்தான் மாற்றி வைக்க வேண்டும், ஆர்மை வளைக்காதீர்கள்.

குன்னூர்_மார்க்4

முன்பக்கம் 6 மி.மீ. உட்காரல. தட்டி உட்கார வச்சதும் சுத்துக் கணக்கு சரியாயிடுச்சு. ரெண்டு விரல்ல சுத்தினாலே ஏறுது. கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும்?

தகரப்பட்டறை

கண்ணாடி முழுக்க ஏறின நிலையில இடது கதவுல எப்படி நிக்குதோ, அதுக்குக் கண்ணாடி பிம்பம் மாதிரி. முழங்கால் இடிக்குதான்னு உட்கார்ந்து பார்த்துட்டு பின்ன அடிங்க.