கணவரின் சோஷியல் நம்பர் இல்லாமல் சைல்டு சப்போர்ட் கேட்க முடியுமா? அவசரம்

மழைத்துளி82:
வணக்கம். அவர் வீட்டை விட்டுப் போய் ஏழு வாரம் ஆகிறது. பணம் அனுப்புவதில்லை. சைல்டு சப்போர்ட் (பிள்ளையின் பராமரிப்புப் பணம்) படிவத்தில் என் எஸ்எஸ்என் (அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), பையன் எஸ்எஸ்என், அவருடைய எஸ்எஸ்என் மூன்றுக்கும் கட்டம் இருக்கிறது. என் கையில் ஒன்றுகூட இல்லை. நேற்று ஒருவர் போன் செய்து, "கேஸ் ஒர்க்கர் பேசுகிறேன், நம்பர்களைச் சொன்னால் இன்றே பதிந்துவிடலாம்" என்றார். பயத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்தது தப்பா? வெள்ளிக்கிழமை வாடகை கட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

டல்லாஸ் மச்சான்:
எஸ்எஸ்என் வாங்குவது சுலபம் தங்கச்சி. பாஸ்போர்ட்டையும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவுத் தாளையும் எடுத்துக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போய் எஸ்எஸ்-5 படிவம் கொடுத்தால் போதும், கார்டு தபாலில் வரும். நான் 2011 பிப்ரவரியில் மினியாபோலிஸில் வந்து இறங்கினேன். கார் கிடையாது. முழங்கால் பனியில் அந்த ஆபீஸுக்கு நடந்தே போனேன். போனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி என்று திருப்பி அனுப்பினார்கள். நம் இனிஷியல் படுத்திய பாட்டைத் தனியாகவே எழுதலாம்.

ஃபில்டர் காபி:
மச்சான், அது எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு. அவர்களின் துணை, பிள்ளைகளுக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாவிட்டால் எஸ்எஸ்என் கிடையாது. ஆறு வருஷம் நம்பர் இல்லாமலே இருந்தேன். போன் கனெக்‌ஷன்கூட அவர் பெயரில்தான். ஒரு வாடகை அலுவலகத்தில் என்னை ஆளாகவே மதிக்கவில்லை.

காவிரிக்கரை:
அம்மா, கோர்ட்டுக்குப் போகாதீர்கள். டைவர்ஸ் ஆனால் எச்-4 போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள்.

டல்லாஸ் மச்சான்:
பேச என்ன இருக்கிறது? கேஸ் போட்டால் அவன் பாஸ்போர்ட்டையே பிடுங்கிவிடுவார்கள்.

ஃபில்டர் காபி:
பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் மறுப்பது அமெரிக்க பாஸ்போர்ட்டைத்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. அப்புறம், ஊரில் லாட்ஜுக்கும் சிம் கார்டுக்கும் ஆதார் ஜெராக்ஸை நோட்டீஸ் மாதிரி கொடுத்துப் பழகிவிட்டோம். அதே கையோடு இங்கே வந்து, பல் டாக்டர் கிளினிக் படிவத்தில் நம்பர் கட்டம் இருந்தது என்று என் கணவர் முழுசாக எழுதிக் கொடுத்தார். வரிக் கணக்கு போடப் போனால், அவர் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டு ரீஃபண்டுக்கும் கேட்டிருந்தார்கள். எங்கிருந்து கசிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. சரிசெய்ய ஒரு வருஷம் ஆயிற்று.

டல்லாஸ் மச்சான்:
இந்த நாட்டில் ஒன்பது இலக்கம்தான் மனுஷன். ஊரில் ரேஷன் கார்டு, இங்கே இது.

எடிசன்காரி:
கொஞ்சம் நிறுத்துங்கள் எல்லோரும். மழைத்துளி, எந்த மாநிலம்? என்ன விசா? பையன் எங்கே பிறந்தான்? போனில் ஏதாவது நம்பர் சொன்னீர்களா?

மழைத்துளி82:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. நியூஜெர்சி. எச்-4. பையன் சென்னையில் பிறந்தவன், அவனும் எச்-4. அவர் எச்-1பி, டெக்சாஸில் புது வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. போனில் ஒன்றும் சொல்லவில்லை. டைவர்ஸ் எல்லாம் இப்போது யோசிக்கவே இல்லை.

எடிசன்காரி:
போனை வைத்ததுதான் சரி. அதே எண்ணிலிருந்து மறுபடி வந்தாலும் பேசாதீர்கள். கவுண்டி கோர்ட்டின் எண்ணை மாநில நீதிமன்றத் தளத்தில் பார்த்து, நீங்களே கூப்பிடுங்கள்.

காவிரிக்கரை ஐயாவுக்கு: டைவர்ஸ் கேட்காமலே பிள்ளைக்குப் பணம் கேட்கலாம். நியூஜெர்சியில் அதற்கென்றே எஃப்டி என்று தனி வழக்கு வகை இருக்கிறது. எச்-4 என்பதும் தடை இல்லை. விண்ணப்பக் கட்டணம் 25 டாலருக்கு மேல் இருக்க மத்தியச் சட்டம் விடாது.

உங்கள் கட்டத்திலும் பையன் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதுங்கள். ஐடின் (எஸ்எஸ்என் இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் எண்) இருந்தால் அதை அங்கே போடாதீர்கள். ஒன்பதில் தொடங்கும் ஒன்பது இலக்கம், பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அது வரிக்கு மட்டும்.

அவர் நம்பர் இருந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது வேகமாக நடக்கும். 1996 சட்டத்திலிருந்து, புதிதாக வேலைக்குச் சேர்பவரின் பெயர், முகவரி, எஸ்எஸ்என் மூன்றையும் கம்பெனி 20 நாளுக்குள் மாநிலத்துக்குத் தர வேண்டும். அது தேசியப் பட்டியலுக்குப் போய் சைல்டு சப்போர்ட் வழக்குகளோடு ஒப்பிடப்படும். டெக்சாஸ் போனாலும் அகப்படுவார், சம்பளத்திலேயே பிடிக்கலாம். நம்பர் கிடைக்கவில்லையா, முழுப் பெயர், பிறந்த தேதி, பழைய கம்பெனி பெயர் கொடுங்கள். தேடுவது அவர்கள் வேலை.

எங்கே எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். வழக்கு மனு பொது ஆவணம், அதில் எஸ்எஸ்என் எழுதவே கூடாது. நியூஜெர்சியில் இதற்கென்று ரகசியத் தகவல் தாள் ஒன்று தனியாக உண்டு. நம்பர் அதில் மட்டும். இணைக்கிற பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) இருந்தால் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொடுங்கள். கவுண்டரில் கேட்டால் நீங்களும் கேட்கலாம்: கட்டாயமா, எந்தச் சட்டப்படி, எதற்குப் பயன்படும்? 1974 தனியுரிமைச் சட்டப்படி மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. அவர் அடித்திருந்தாலோ மிரட்டியிருந்தாலோ முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் வழக்கில் குடும்ப வன்முறைக் குறி போட்டால், உங்கள் முகவரி அவருக்குப் போகாமல் தடுப்பார்கள். அப்படி இருந்தால் விசா விஷயத்துக்கும் தனி வழி இருக்கிறது, இலவச சட்ட உதவியில் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை வாடகைக்கு இந்தப் பணம் வராது, அதை நம்பாதீர்கள். 211-க்குப் போன் செய்து வாடகை உதவி கேளுங்கள்.

மழைத்துளி82:
அடிக்கவில்லை அக்கா. இப்போதுதான் டிராயரில் போன வருஷத்து வரிப் படிவம் கிடைத்தது, இருவரும் சேர்ந்து போட்டது. அதில் ஒரு நம்பர் இருக்கிறது. போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன், அவருடையதுதானா என்று பார்த்துச் சொல்கிறீர்களா?

எடிசன்காரி:
ஐயோ, போடாதீர்கள்! 1040 முதல் பக்கம் மேலே, அவர் பெயர் வரியில் இருப்பது அவருடையது. அடுத்த வரி உங்கள் ஐடின். தாளிலிருந்து தாளுக்குக் கையால் எழுதிக்கொள்ளுங்கள், போனில் படம் வேண்டாம்.

மழைத்துளி82:
சரி அக்கா. நாளைக் காலை போகிறேன். இங்கிலீஷில் பேச வராவிட்டால்?

எடிசன்காரி:
தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். கோர்ட் இலவசமாகத் தரும்.