என் ஆர்கிட் தூய கிளாக்காவா, கலப்பினமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ஆர்கிட் இந்த மாதம்தான் முதல்முறையாகப் பூத்தது. அட்டையில் 'பிராசவோலா கிளாக்கா' என்று இருந்தது. அது பழைய பெயர். 1918-இல் தாவரவியலாளர் ஷ்லெக்டர் இதையும் டிக்பியானா என்ற இன்னொரு இனத்தையும் பிராசவோலாவிலிருந்து பிரித்து ரிங்கோலேலியா என்ற பேரினத்தில் வைத்துவிட்டார். அதில் குழப்பம் இல்லை. என் செடி அந்த இரண்டில் ஒன்றுதானா என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

செடி: ஒரு குமிழுக்கு (தடித்த தண்டுக்கு) ஒரே இலை, தட்டையாக, தடிப்பாக, சாம்பல் பூசியது போல. உண்மையான பிராசவோலாவின் பென்சில் போன்ற இலை நிச்சயமாக இல்லை. கண்ணாடி வீட்டில் தொங்கும் கூடையில், நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது.

பூ: ஒன்றே ஒன்று, சுமார் 10 செ.மீ., பச்சை கலந்த வெள்ளை. உதட்டின் (வேறுபட்ட வடிவமுள்ள கீழ் இதழின்) தொண்டையில் இளஞ்சிவப்புக் கறை. மாலையில் நல்ல மணம். உதட்டின் ஓரம்தான் தொந்தரவு. கிளாக்காவுக்கு அது மழமழவென்று இருக்க வேண்டும், டிக்பியானாவுக்கு அடர்ந்த குஞ்சம் தொங்கும். இதில் 2 மி.மீ. நீளத்தில், அங்கங்கே மட்டும் பிசிறு.

மகரந்தத் திரள்களை (மகரந்தம் ஒட்டிச் சேர்ந்த சிறு கட்டிகளை) லென்ஸ் வைத்து எண்ணினேன்: 8, ஆனால் நான்கு பெரிது, நான்கு ரொம்பச் சிறிது. காட்லியா என்ற ஆர்கிட் பேரினத்தில் திரள்கள் நான்குதான்; அது கலந்திருக்குமோ என்ற சந்தேகம் அங்கேதான் வந்தது. விற்றவரிடம் பெற்றோர் விவரம் இல்லை. அப்புறம் படங்களோடு ஒப்பிட்டும் பார்த்தேன், தெளியவில்லை.

தூய கிளாக்காவில் இப்படி ஓரப் பிசிறும் சமமில்லாத திரள்களும் வருவதை யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?