கிளெப் பரீட்சை எழுதி கிரெடிட் வாங்குவது: வகுப்புகளோடு சேர்த்துச் சமாளிக்க முடியுமா?

கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து ஜனவரியில் டாலஸ் பக்கம் வந்து சேர்ந்தோம். எனக்கு எச்-4, அதாவது வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்கான விசா. ஊரில் பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனது. ஆகஸ்டில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷ உள்ளூர்க் கல்லூரி) நான்கு பாடங்களோடு தொடங்கலாம் என்று இருக்கிறேன். வகுப்புக்குப் போகாமலே ஒரு பரீட்சை எழுதினால் அந்தப் பாடத்துக்கு கிரெடிட், அதாவது டிகிரிக்குச் சேர்க்கிற பாட அலகு, கொடுப்பார்களாமே, கிளெப் என்று பெயராமே? நான்கு பாடத்தோடு இரண்டு கிளெப்பும் சேர்த்து எழுதினால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறேன். நான்கு வயதில் பையன் இருக்கிறான். இது நடக்கிற காரியமா? எழுதிய அக்கா, அண்ணா யாராவது சொல்லுங்கள்.

பதில்:

நடக்கிற காரியம்தான் தங்கச்சி. ஆனால் உங்கள் கணக்கில் ஓர் இடம் இடிக்கிறது. நானும் எச்-4-ல் டெக்சாஸுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படித்தவள்தான். கிளெப்புக்கு எட்டு முறை உட்கார்ந்தேன், ஏழில் தேறினேன். தேறாத அந்த ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் செமஸ்டரில் மூன்று பாடம் எடுத்திருந்தேன். அதோடு அமெரிக்க வரலாறு முதல் பாகத்துக்கு கிளெப் எழுத நவம்பர் இரண்டாவது வாரத்தில் தேதி வாங்கினேன். 90 நிமிஷத்தில் 120 கேள்வி. பொறுக்கி எடுக்கிற வகைதானே, ஊரில் பார்க்காத பரீட்சையா என்ற தைரியம். அந்த வாரம் பார்த்து அக்கவுண்டிங் டெஸ்ட் வந்தது, கட்டுரை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது, சின்னவளுக்குக் காய்ச்சல் வேறு. கிளெப் மதிப்பெண் 20-இலிருந்து 80 வரை போகும், பெரும்பாலான கல்லூரிகளுக்கு 50 வேண்டும். திரையில் எனக்கு வந்தது 47. அதுகூடப் பரவாயில்லை. தேறாவிட்டால் அதே பரீட்சையை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். டிசம்பர் லீவில் நாள் முழுக்க நேரம் இருந்தது, பாடமும் அப்போதுதான் மண்டையில் ஏறியது, எழுதத்தான் முடியவில்லை. அக்கவுண்டிங் மார்க்கும் அந்த வாரத்தில்தான் சரிந்தது.

அதற்குப் பிறகு செமஸ்டர் நடுவில் நான் கிளெப் எழுதவே இல்லை. இந்தப் பரீட்சைக்கு வருஷம் முழுக்கத் தேதி கிடைக்கும். அதனால் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று தோன்றும், மாட்டிக்கொள்வதும் அங்கேதான். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஒரு லீவு, மே கடைசியில் ஒரு லீவு, ஆகஸ்டில் வகுப்பு தொடங்குமுன் இரண்டு மூன்று வாரம். என் ஏழும் இந்த இடைவெளிகளில் எழுதியவை. வகுப்பில் வாங்குகிற மார்க் ஜி.பி.ஏ.-வில், அதாவது மொத்த சராசரி மதிப்பெண்ணில் ஏறும். கிளெப்பில் 52 வாங்கினாலும் 78 வாங்கினாலும் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) வெறும் கிரெடிட்தான் ஏறும், கிரேடு கிடையாது. இரண்டில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது பணம். ஜனவரியில்தானே வந்தீர்கள்? டெக்சாஸில் உள்ளூர்க் கட்டணம், அதாவது மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணம் கிடைக்க 12 மாதம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். எச்-4-ல் இருப்பவர்களும் அதைக் கேட்கலாம், பலருக்கு இது தெரியாது. ஆனால் ஆகஸ்டில் உங்களுக்கு 12 மாதம் ஆகியிருக்காது. அப்போது நான்கு பாடம் எடுத்தால் நான்குக்கும் வெளிமாநிலக் கட்டணம். கிளெப்புக்கோ எந்த மாநிலம், எந்த விசா என்ற கேள்வியே இல்லை. ஒரு பரீட்சைக்கு 100 டாலருக்குக் கொஞ்சம் கீழே. பரீட்சை மையம் தனியாக ஒரு கட்டணம் வாங்கும், அவ்வளவுதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆகஸ்டில் ஒன்றோ இரண்டோ பாடம் மட்டும் எடுப்பேன். இப்போதிலிருந்து ஆகஸ்டு வரைக்கும், பிறகு டிசம்பர் லீவிலும் கிளெப் எழுதுவேன். ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டருக்கு வாடகை ஒப்பந்தம், கணவரின் வேலைக் காகிதம் எல்லாவற்றோடும் அட்மிஷன்ஸ் ஆபீஸுக்குப் போய் உள்ளூர்க் கட்டணம் கேட்பேன். எச்-4-ல் முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த 100 டாலரையும் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்று ஒரு லாபநோக்கமற்ற அமைப்பு. கிளெப் பாடங்களுக்கு இணையத்தில் இலவச வகுப்பு வைத்திருக்கிறார்கள். வகுப்பை முடித்தால் பரீட்சைக் கட்டணத்துக்கு வவுச்சர் தருவார்கள். ஏமாற்று வேலையோ என்று நானும் முதலில் சந்தேகப்பட்டேன், இல்லை. காணொளிகள் சில தூக்கம் வரவழைக்கும். கிளெப்பை நடத்துகிற காலேஜ் போர்டு விற்கிற மாதிரிக் கேள்விப் புத்தகத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விட வேண்டாம்.

எந்தப் பாடத்தை எழுதுவது? மொத்தம் முப்பத்துச் சொச்சம் பரீட்சைகள் உண்டு, பெரும்பாலும் ஒன்றுக்கு 3 கிரெடிட். பேச்சலர் டிகிரிக்கு மொத்தம் 120 வேண்டும். பி.காம். படித்தவர்களுக்கு மேக்ரோ எகனாமிக்ஸ், மைக்ரோ எகனாமிக்ஸ் இரண்டும் பாதி தெரிந்த பாடம், அங்கே தொடங்குங்கள். ஒரு யுக்தி: இரட்டையாக வருகிற பாடங்களில் ஒன்றை வகுப்பில் படித்துவிட்டு, செமஸ்டர் முடிந்த இரண்டு வாரத்தில் அடுத்ததைப் பரீட்சையாக எழுதிவிட வேண்டும். மேக்ரோவை வகுப்பில் எடுத்து, மே மாதமே மைக்ரோ கிளெப் எழுதினேன். வளைகோடுகள் எல்லாம் அப்போது கையிலேயே இருந்தன. அமெரிக்க வரலாற்றின் இரண்டு பாகங்களையும் அப்படித்தான் முடித்தேன்.

கணக்குப் பாடத்தில் ஒரு கண்ணி. காலேஜ் அல்ஜீப்ரா சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் ஊர் பிளஸ் டூ கணக்குக்கு அது சுலபம்தான். டெக்சாஸில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு, அதற்குக் கிடைப்பது கணக்கு 1314. பிசினஸ் படிப்பவர்களுக்குப் பல கல்லூரிகள் கேட்பதோ 1324. தேறியும் அந்த 3 கிரெடிட் டிகிரி கேட்கிற எந்தப் பாடத்தின் இடத்திலும் உட்காராமல் நிற்கும். அரசியல் பாடமும் அப்படியே. அமெரிக்க அரசு பற்றிய கிளெப் 2305-க்குத்தான் ஆகும். டெக்சாஸ் அரசு பற்றிய 2306-க்கு கிளெப் இல்லை, அதை வகுப்பில்தான் எடுக்க வேண்டும். அக்கவுண்டிங்குக்கும் கிளெப் உண்டு, பி.காம்.காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். மேற்கொண்டு அதே துறையில் போவதாக இருந்தால் வகுப்பிலேயே எடுங்கள். இங்கே கணக்கு வைக்கும் முறை வேறு, பிசினஸ் ஸ்கூல்கள் பல அதை கிளெப்பாக ஏற்பதும் இல்லை.

பரீட்சையில் தாண்டவே கூடாது என்று நான் சொல்வது ஆங்கிலக் கட்டுரைப் பாடம், 1301. என் தோழி ஒருத்தி கான்வென்டில் படித்தவள், அதைக் கிளெப்பில் முடித்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்து அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பாதி, புத்தகத்தில் இருந்த வாக்கியங்கள். ஊரில் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மார்க். இங்கே அதற்குப் பெயர் திருட்டு, விசாரணை வரைக்கும் போனது. எங்கே மேற்கோள் போடுவது, பேராசிரியர் மாணவர்களைப் பார்க்க ஒதுக்குகிற நேரத்தில் போய் எப்படிக் கேட்பது, அவருக்கு மின்னஞ்சல் எப்படி எழுதுவது, இதெல்லாம் நான் கற்றது அந்த 1301 வகுப்பில்தான். புதிதாக வந்தவர்களுக்கு அது ஆங்கிலப் பாடம் என்பதைவிட இந்த ஊர்க் கல்லூரிக்குப் பழக்கிவிடுகிற பாடம்.

கடைசியாகக் காகித வேலை. பணம் கட்டுவதற்கு முன், காலேஜில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டுகிற அட்வைசருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: இந்தப் பரீட்சை, இந்த மதிப்பெண், என் டிகிரியில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும்? வாயால் சொன்னதை நம்பி நான் ஒருமுறை கெட்டேன். இங்கே அரசுக் கல்லூரிகள் எல்லாம் கிளெப்புக்கு ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் எத்தனை மார்க், எந்தப் பாடம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கம்யூனிட்டி காலேஜ் ஏற்றுக்கொண்டது பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும்போது தானாகப் போய்ச் சேராது, அவர்கள் மதிப்பெண்ணைப் புதிதாகக் கேட்டு அவர்கள் அளவுகோலில் பார்ப்பார்கள். அதனால் நீங்கள் கடைசியில் போக நினைக்கிற பல்கலைக்கழகத்தின் பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும். இன்னொன்று, ஒரு பாடத்தில் சேர்ந்துவிட்டாலோ அதற்கு மேல்படிப் பாடத்தை முடித்துவிட்டாலோ அதற்கு கிளெப் கிரெடிட் பல இடங்களில் தர மாட்டார்கள்.

இடையில் ஒரு கேள்வி:

அக்கா, நான் எஃப்-1-ல் (மாணவர் விசா) இளநிலை படிக்கிறேன். ஒரு பாடம் சரியாகப் போகவில்லை. அதை டிராப் செய்துவிட்டு அதே பாடத்துக்கு கிளெப் எழுதிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்:

ஐயோ தம்பி, அவசரப்படாதீர்கள். எஃப்-1-ல் இளநிலை என்றால் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வகுப்பில் இருக்க வேண்டும். கிளெப் கிரெடிட் அந்த 12-இல் சேராது. இணைய வகுப்பிலும் ஒரே ஒரு பாடம்தான் அந்தக் கணக்கில் வரும். டிராப் செய்து 9-க்கு இறங்கினால் படிப்புப் பிரச்சினை விசாப் பிரச்சினை ஆகிவிடும். எதைத் தொடுவதானாலும் முதலில் இன்டர்நேஷனல் ஆபீஸில் உங்கள் டி.எஸ்.ஓ.-வை (வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) பாருங்கள், அதற்கு அப்புறம்தான் டிராப் பொத்தான். மற்றபடி கோடை லீவில் தாராளமாக கிளெப் எழுதலாம். படிப்பு சீக்கிரம் முடிந்தால் ஐ-20 (கல்லூரி தரும் விசாப் படிவம்) முடியும் தேதியும் முன்னால் வரும், ஓ.பி.டி.-க்கு (படிப்போடு தொடர்புள்ள வேலை செய்ய அனுமதி) விண்ணப்பிக்கும் காலமும் நகரும். அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் கேட்டது:

மகள் பத்தாம் வகுப்பு. தமிழ்ப் பள்ளியில் எட்டு வருஷம் படித்திருக்கிறாள். தமிழுக்கு கிளெப் அல்லது ஏ.பி. (பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற கல்லூரித் தரத் தேர்வு) உண்டா?

பதில்:

இரண்டிலும் தமிழ் இல்லை அண்ணா. கிளெப்பில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றுதான். ஆனால் ஆக்ட்ஃபுல் என்கிற அமைப்பின் வாய்மொழித் தேர்வு தமிழில் உண்டு. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் நன்றாகத் தெரியும் என்று பள்ளி முடிக்கிற பிள்ளைகளுக்கு மாநிலங்கள் தருகிற இருமொழி முத்திரையை தமிழுக்கு வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர். இல்லினாய், மினசோட்டா போன்ற சில மாநிலங்களில் அந்த முத்திரைக்கு அரசுக் கல்லூரிகளில் மொழி கிரெடிட்டும் கிடைக்கும். பள்ளி கவுன்சலரிடம் தமிழ் என்று நீங்களாகச் சொல்லிக் கேளுங்கள், அவர்களாக எடுத்துத் தர மாட்டார்கள். பிள்ளை பெரிய தனியார் பல்கலைக்கழகங்களைப் பார்க்கிறாள் என்றால் மற்ற பாடங்களுக்கு ஏ.பி.-யே நல்லது. அது மே மாதம் ஒரு முறைதான் வரும், ஆனால் அந்த இடங்களில் கிளெப்பைப் பெரும்பாலும் சீண்டுவதே இல்லை.

முதலில் கேட்ட தங்கை:

ரொம்ப நன்றி அக்கா. ஆகஸ்டில் 1301-ம் மேக்ரோவும் மட்டும் எடுக்கிறேன். மைக்ரோவை டிசம்பரில் எழுதுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது) என்று போட்டு என் பெயரை சர்நேம் இடத்தில் அடித்திருக்கிறார்கள். கிளெப்பில் எந்தப் பெயரைக் கொடுப்பது?

பதில்:

நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பரீட்சை மையத்தில் புகைப்படமும் கையெழுத்தும் உள்ள அரசு அடையாள அட்டையைக் கேட்பார்கள், பதிவில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். கல்லூரியில் உங்கள் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதே மாதிரி உள்ள அடையாள அட்டை எது, டெக்சாஸ் ஐ.டி.-யா பாஸ்போர்ட்டா என்று பாருங்கள். பிறகு அதே எழுத்தில் கிளெப் கணக்கைத் தொடங்குங்கள். என்னுடையதில் கல்லூரியில் அப்பா பெயர் சர்நேம், கிளெப்பில் வெறும் இனிஷியல். மதிப்பெண் போய்ச் சேர்ந்தும் யாருடையது என்று தெரியாமல் ஆறு வாரம் கிடந்தது. பதிவு செய்யும்போதே கல்லூரியின் பெயரைக் கொடுத்துவிட்டால் ஓர் இடத்துக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்புவார்கள், பிறகு அனுப்பினால் காசு. கல்லூரி ஐ.டி. எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக் கையில் கொண்டுபோங்கள்.