பிரெய்டில் போட்ட முடிச்சு உருவிக்கொண்டு போகிறது, லீடரும் சிக்குகிறது – உதவி தேவை

புதுத்தூண்டில்:
ரீலில் இருந்த 0.30 மி.மீ. தங்கூசியை (ஒற்றை நைலான் இழை) எடுத்துவிட்டு 0.16 மி.மீ. பிரெய்டு (பின்னல் லைன்) ஏற்றியிருக்கிறேன். தாய் லைனில் (ரீலிலிருந்து வரும் லைன்) 40 கிராம் ஓட்டை ஈயம், அடுத்து சுவிவல் (சுழலும் இணைப்பு), அதிலிருந்து லீடராக 1 மீட்டர் தங்கூசி, கடைசியில் முள். சுவிவலுக்கு இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் முடிச்சு, 5 சுற்று. தங்கூசியில் இதே முடிச்சு நன்றாக நின்றது. பிரெய்டில் கையால் இழுத்தால் நிற்கிறது. மீன் ஒரு இழுப்பு இழுத்தால் சுவிவலோடு எல்லாம் போய்விடுகிறது. போகாத நேரத்தில் முள் தாய் லைனைச் சுற்றிக்கொண்டு வருகிறது. எங்கே தப்பு?

ஈயக்குண்டு:
முதலில் போன லைனின் நுனியைப் பாருங்க. கத்தரியில் நறுக்கியபடியே அப்படியே இருந்தால் அறுபடவில்லை, முடிச்சு உருவிக்கொண்டு போயிருக்கிறது. இழைகள் பிரிந்து பஞ்சு மாதிரி நின்றால் பாறையிலோ சிப்பியிலோ தேய்ந்தது. தங்கூசியாக இருந்தால் உருவிய நுனி சுருள் சுருளாக நிற்கும். பிரெய்டு அப்படிச் சுருளாது, அதனால்தான் நிறைய பேர் "லைன் சரியில்லை" என்று லைனை மாற்றிவிடுகிறார்கள்.

புதுத்தூண்டில்:
நறுக்கியபடியே இருக்கிறது. முனையில் லேசான மடிப்பு மட்டும்.

ஈயக்குண்டு:
அப்படியென்றால் உருவல்தான். நைலான் இறுகும்போது கொஞ்சம் நசுங்கி, தன்னைத் தானே கடித்துக்கொள்ளும். பிரெய்டு பாலிஎத்திலீன் இழை. வழுவழுப்பு, நீட்சியும் கிடையாது. கிளிஞ்சில் 5 சுற்றின் பிடி அதற்குப் போதாது. பாலோமர் முடிச்சு போடுங்க:

லைனை 15 செ.மீ. அளவுக்கு இரட்டையாக மடித்து, அந்த மடிப்பைச் சுவிவலின் காதில் நுழையுங்க. இரட்டை லைனாலேயே ஒரு சாதாரண முடிச்சு, தளர்வாக. சுவிவல் கீழே தொங்கட்டும். மடிப்பு வளையத்தை விரித்து சுவிவல் முழுவதையும் அதற்குள் விடுங்க. எச்சிலோ தண்ணீரோ தொட்டு, தாய் லைனையும் நுனியையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்க. நுனியில் 3 மி.மீ. விட்டு நறுக்குங்க.

கெடும் இடங்கள் இரண்டு. இரட்டை லைன் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குறுக்கே கிடந்தால் ஒரு இழை மட்டும் பாரம் தாங்கி வெட்டுப்படும். இறுக்கும்போது வளையம் காதிலேயே மாட்டி நின்றாலும் பலம் போய்விடும். அது காதைத் தாண்டி மேலே போய் முடிச்சோடு உட்கார வேண்டும்.

ஈயத்தை முதலிலேயே கோத்துவிடுங்க, லீடரைக் கடைசியில் கட்டுங்க. லீடரும் முள்ளும் தொங்கும்போது பாலோமர் போட்டால் அத்தனையையும் வளையத்துக்குள் விட்டு எடுக்க வேண்டிவரும்.

நண்டுவளை:
முடிச்சில் ஒரு துளி சூப்பர் குளூ விட்டால் போதுமே, எதற்கு இவ்வளவு?

ஈயக்குண்டு:
சரியாகக் கட்டிய முடிச்சுக்குப் பசை தேவையில்லை. உருவுகிற முடிச்சைப் பசையை நம்பி விட முடியாது, காய்ந்த இடம் விறைத்து அதன் ஓரத்திலேயே ஒடியவும் செய்யும்.

கரைவலை:
பாலோமர் சரி. ஆனால் அடியில் பாறை இருந்தால் பிரெய்டை ஈயம் வரைக்கும் கொண்டுபோகவே கூடாது என்பது என் கட்சி. 0.40 மி.மீ. தங்கூசி 2 மீட்டர் இடையில் சேருங்க. ஈயம் அதன்மேல் ஓடட்டும். சுவிவலுக்கு உங்கள் பழைய கிளிஞ்சே போதும், ஏனென்றால் அங்கே இருப்பது நைலான்.

பிரெய்டும் தங்கூசியும் சேர இரட்டை யூனி முடிச்சு. இரண்டு லைனையும் எதிரெதிராக 20 செ.மீ. ஒட்டி வையுங்க. பிரெய்டு நுனியை மடித்து ஒரு வளையம் செய்து, அந்த வளையத்துக்குள்ளாக இரண்டு லைனையும் சேர்த்து 8 சுற்று. நுனியை இழுத்துச் சுற்றுகள் வரிசையாகப் படியும்வரை மட்டும் இறுக்குங்க. தங்கூசிப் பக்கமும் அப்படியே, ஆனால் 4 சுற்று. கனத்த லைனில் சுற்று கூடினால் படியாது. இப்போது நனைத்து, நுனிகளை விட்டுவிட்டு, இரண்டு தாய்ப்பக்கத்தையும் இழுத்தால் முடிச்சுகள் ஒன்றையொன்று தேடி வந்து முட்டும்.

நனைக்காமல் வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டில் நைலான் வெளிறும். வெளிறிய முடிச்சை இரக்கப்படாமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்க.

சோதிக்கும்போது பிரெய்டை விரலில் சுற்றாதீங்க, சதையில் இறங்கிவிடும். ஒரு குச்சியில் நான்கைந்து சுற்று சுற்றிக்கொண்டு இழுங்க. பாறையில் மாட்டினாலும் ராடை வளைக்காமல் இதேதான்.

புதுத்தூண்டில்:
இரட்டை யூனி போட்டேன், நிற்கிறது. ஆனால் வீசும்போது ராடு வளையத்தில் டக் டக் என்று தட்டுகிறது.

கரைவலை:
நுனிகளை ஒட்ட நறுக்குங்க. அப்படியும் தட்டினால் தங்கூசி உங்கள் வளையங்களுக்குக் கனம், 0.35-க்கு இறங்குங்க. வீசும்போது முடிச்சு ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றியிருக்கும் உருளை) இருந்தால், விரல் பிடிக்கும் இடத்தில் வராமல் ஸ்பூலின் அடிப்பக்கமாகக் கிடக்கட்டும்.

தக்கை:
சிக்கல் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1 மீட்டர் லீடர்தான் காரணம். ஈயம் முன்னே பறக்கிறது, இலேசான இரையும் முள்ளும் பின்னால் ஆடிக்கொண்டே வந்து தாய் லைனைப் பிடிக்கின்றன. 40 செ.மீ.க்குக் குறையுங்க. ஈயத்துக்கும் சுவிவலுக்கும் நடுவே ஒரு பாசிமணி வையுங்க. இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் ஈயம் முடிச்சின் தலையிலேயே இடிக்கும், ஓட்டை பெரிதாக இருந்தால் முடிச்சு உள்ளே போய்ச் செருகிக்கொள்ளும். ஈயம் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விரலால் லைனை லேசாகத் தடுத்தால் லீடர் முன்னே வீசி நேராக விழும். பாதிச் சிக்கல் இந்த ஒரு பழக்கத்தில் போய்விடும்.

பாறை அதிகமென்றால் ஓட்டை ஈயத்தை விட்டுவிட்டு, ஈயத்தைக் கடைசியில் கட்டி முள்ளை 30 செ.மீ. மேலே கிளையாக விடுங்க. ஈயத்தை மட்டும் மெல்லிய லைனில் கட்டினால், மாட்டும்போது அது மட்டும் அறும், முள்ளும் மீனும் கைக்கு வரும்.

புதுத்தூண்டில்:
லீடரைக் குறைத்து மணி போட்டதில் சிக்கல் நின்றது. டிராக் (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்) எவ்வளவு வைக்க?

ஈயக்குண்டு:
உங்கள் கட்டமைப்பில் எது மெலிதோ அதன் தாங்குதிறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு. முள் கட்டிய லீடர் 6 கிலோ தாங்கும் என்றால் ஒன்றரை முதல் 2 கிலோ. கைத்தராசை லைன் முனையில் மாட்டி இழுத்துப் பாருங்க. ரீல் டிராக்கே சுழலாமல், பிரெய்டு மொத்தமும் ஸ்பூலின் மேல் வழுக்கினால் அடியில் சில மீட்டர் தங்கூசி சுற்றி அதன்மேல் பிரெய்டை ஏற்ற வேண்டும்.