டோர் வழியாக டோரண்ட்: ஐபி மறையுமா?

வலைஞன்: டோரண்ட் மென்பொருளான கியூபிட்டோரண்டை, முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியே அனுப்ப, சாக்ஸ்5 பிராக்ஸியாக (இடைத்தரகுச் சேவை) டோரின் 127.0.0.1:9050 கொடுத்திருக்கிறேன். ஐபி மறைய இது போதுமா?

கணு: போதாதுங்க. டோர், டிசிபி என்ற தரவு அனுப்பும் முறையை மட்டுமே சுமக்கும். கோப்பைப் பகிரும் மற்றவர்களைத் தேடித்தரும் டிஹெச்டி ஓடுவதோ யூடிபி என்ற வேறு முறையில். அது பிராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நேராக வெளியே போய்விடலாம். சில மென்பொருள்கள் டிராக்கருக்கு (பகிர்பவர்களை இணைத்துவைக்கும் சேவையகம்) அனுப்பும் செய்திக்குள்ளேயே உண்மை ஐபியை எழுதிவிடும். அதைவிட மோசம், அதே சர்க்யூட்டில் (டோருக்குள் தரவு போகும் பாதை) உலாவியும் போனால் நீங்கள் பார்த்த தளங்களும் சேர்ந்து அம்பலம். 2010-லேயே டோர் திட்டத்தார் எச்சரித்த விஷயம் இது. தன்னார்வலர்கள் நடத்தும் ரிலேக்களுக்கும் (டோரின் இடைக் கணினிகள்) வீண் பாரம்.

மறைகுறி: டோர் போலவே முகவரியை மறைக்கும் இன்னொரு வலையமைப்பான ஐடூபிக்கு மாறுங்கள். ஐடூபிஸ்னார்க் என்ற டோரண்ட் மென்பொருள் கூடவே வரும். கியூபிட்டோரண்டே வேண்டுமென்றால் ஐடூபியின் ரவுட்டர் கன்சோலில் (அமைப்புப் பக்கம்) சாம் பிரிட்ஜை (வெளி மென்பொருளை ஐடூபியோடு இணைக்கும் வசதி) இயக்கி, கியூபிட்டோரண்டில் போர்ட் 7656 கொடுங்கள். அங்கே 'கலப்பு முறை' டிக்கைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். இருந்தால் ஐடூபிக்கு வெளியே உள்ள சாதாரண பியர்களோடும் (பகிரும் மற்ற கணினிகள்) பேசி முகவரியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வலைஞன்: வேகம்?

மறைகுறி: குறையும். அதற்காக டனல் நீளத்தை (தரவு கடந்துபோகும் இடைக் கணினிகளின் எண்ணிக்கை) 3-லிருந்து இறக்காதீர்கள்.