மிளகு மணக்கும் வெள்ளை ஒயின், யாராவது குடித்திருக்கிறீர்களா?

வைகைக்கரையான்: வியன்னாவில் இருக்கும் மச்சான் கொண்டுவந்த பாட்டிலில் ‘க்ரூனர் வெல்ட்லீனர்’ என்று போட்டிருக்கிறது. முதலில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் வாசம். விழுங்கிய பிறகு மிளகு தூவிய மாதிரி ஒரு காரம். மிளகு சேர்ப்பார்களா? நம்ம சாப்பாட்டில் எதோடு எடுபடும்?

தெப்பக்குளத்தார்: சேர்ப்பதில்லை தம்பி. ரோட்டண்டோன் என்ற மணப்பொருள் திராட்சைத் தோலிலேயே இருக்கிறது. மிளகுக்கு அந்த வாசம் வருவதும் அதனால்தான். ஆஸ்திரியாவில் அதிகம் பயிராகும் திராட்சை இது. டான்யூப் ஆற்றோரம் வாக்காவ் பகுதியில் மலைச்சரிவில் கல்வரப்பு கட்டி வளர்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ரகம், புளிப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கும். அயிரை மீன் குழம்போடு வேண்டாம், புளியும் மிளகாயும் அதை அமுக்கிவிடும். மிளகு போட்டு வறுத்த நண்டு, வஞ்சிரம் வறுவல் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து ஊற்றினால் அந்த மிளகு வாசம் நன்றாக எழும்பும்.

மாசிவீதி: சைவத்துக்கு நெய் மிதக்கும் வெண்பொங்கல். சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

வைகைக்கரையான்: சரி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை நண்டுதான். கம்பத்துப் பன்னீர் திராட்சையும் இதுவும் ஒரே இனமா?

தெப்பக்குளத்தார்: இல்லை. அது மஸ்கட் ஹாம்பர்க், கறுப்புத் திராட்சை. ரோஜா மணம்தான் அதன் அழகு.