பொருள்: திறந்த தரவா, வெளித்தரவா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

வணக்கம். சட்டமூலங்களையும், நாடாளுமன்றத்தில் யார் எப்படி வாக்களித்தார் என்பதையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுவது (ஆங்கிலத்தில் open data) பற்றி ஒரு கையேடு தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'திறந்த வாக்குத் தரவு' என்று எழுதி, நேற்று மாதர் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். ஒரு அம்மா எழும்பி, "அப்ப நான் ஆருக்குப் புள்ளடி போட்டன் எண்டு வெளியில தெரிஞ்சிருமா தம்பி?" என்று கேட்டார். அவர் முகத்தில் உண்மையான பயம். சொல் பிழைத்துவிட்டது.

காரைதீவிலிருந்து:

தம்பி, திறந்த கதவை மூடவும் செய்யலாம். 'வெளித்தரவு' என்று வையுங்கள். வெட்டவெளியும் அதில் உண்டு, வெளியீடும் உண்டு. 'தரவு' மட்டும் கைவிடக்கூடாத சொல். கலிப்பா என்ற செய்யுள் வகையில், தாழிசை என்ற உறுப்புக்கு முன்னால் பொருளைத் தொடங்கித் தருவது தரவுதான். அதற்கு எருத்து என்றும் பெயர். எருத்து என்றால் கழுத்து. தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்ற மற்ற உறுப்புகள் எல்லாம் அதன் கீழேதான் வரும். தரவு இல்லாமல் மேலே பேச முடியாது என்பதை நம் யாப்பே சொல்லி வைத்திருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:

சேர், கழுத்து வரை போய்விட்டோம், அச்சுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. வெளித்தரவு என்றால் வெளியிலிருந்து வந்த தரவு என்றுதான் எங்கள் பிள்ளைகள் படிப்பார்கள். அந்த அம்மாவைப் பயமுறுத்தியது 'வாக்கு'. தேர்தலில் நாம் போடுவதும் வாக்கு, சபையில் 225 பேர் அளிப்பதும் வாக்கு. முன்னது இரகசியம், பின்னது நமக்குத் தெரிந்தே ஆகவேண்டியது. 'உறுப்பினர் வாக்களிப்புப் பதிவு' என்று பிரித்துவிடுங்கள்.

வந்தாறுமூலையிலிருந்து:

நாடாளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட் ஏற்கெனவே வெளியில்தான் இருக்கிறது ஐயா. ஆனால் மட்டக்களப்பின் ஐந்து உறுப்பினர்களும் ஓராண்டில் எதை ஆதரித்தார்கள் என்று கணக்கெடுக்க, பக்கம் பக்கமாகப் பார்த்துக் கையால் தட்டச்ச வேண்டும். குரல் வாக்கெடுப்பாக முடிந்தால் பெயர்களே பதிவாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து வாங்குவதும் வேறு. கேட்காமலே, கணினி படிக்கும் அட்டவணையாக, மறுபடி பயன்படுத்தும் அனுமதியோடு கிடைக்கவேண்டும். 'எடுத்தாள்தரவு' பொருந்துமா?

காரைதீவிலிருந்து:

வினைத்தொகை அழகு. ஆனால் எடுத்தாளுதல் என்றால் மேற்கோள் காட்டுவது அல்லவா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

சரி, 'திறந்த தரவு' இருக்கட்டும்; அக்கரைப்பற்று சொன்னபடி 'உறுப்பினர் வாக்களிப்புப் பதிவு' என்றும் போடுகிறேன். வந்தாறுமூலை விளக்கம் முதல் பக்கத்தில் வரும். பொதுமக்களின் வாக்கு இதில் இல்லை என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும்.

காரைதீவிலிருந்து:

அச்சிடுங்கள் தம்பி. இரண்டாம் பதிப்பு வரும்போது வெளித்தரவுக்காக மறுபடி எழுதுவேன்.